கட்டுவிரியன் கடிக்குப் பின் நிமோனியா: விஷமுறிவு மருந்து கொடுத்தும் மூச்சு ஏன் திரும்பவில்லை?

வெள்ளாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மருத்துவத் துறையில் இருப்பவர்கள் யாராவது விரைவில் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். குடும்பத்தில் நாளைக் காலைக்குள் ஒரு முடிவு எடுக்கச் சொல்கிறார்கள்.

என் சித்தப்பாவுக்கு வயது 52. கடலைக்குக் காவலாக மோட்டார் கொட்டகையில் தரையில் சாக்கு விரித்துப் படுத்திருக்கிறார். விடியற்காலையில் வயிற்று வலி, இரண்டு தடவை வாந்தி. இரவு சாப்பிட்ட மீன் குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிச் சோடா வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். பொழுது நன்றாக விடிந்தபோது இமை இரண்டும் சரிந்து, பேச்சு குழறியது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் கண்ணைப் பார்த்ததுமே கட்டுவிரியன் கடி என்று சொல்லிவிட்டார். உடம்பில் தேடியும் பல் பட்ட இடம் கிடைக்கவில்லை. மருந்தை ஏற்றி 108 வண்டியில் அனுப்பினார்கள். வழியில் மூச்சு நின்றுபோனது. வண்டியில் இருந்தவர் மூச்சு கொடுக்கும் பையைக் கையால் அழுத்தியபடியே மாவட்ட மருத்துவமனை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்.

இன்று நான்காவது நாள். வென்டிலேட்டரில் இருக்கிறார். விஷமுறிவு மருந்து முழு அளவும் கொடுத்தாயிற்று, இனித் தேவையில்லை என்கிறார்கள். ஆனால் நுரையீரலில் நிமோனியா வந்திருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, தொண்டையில் துளை போட வேண்டி வரலாம் என்கிறார்கள். கை கால் அசைவில்லை. டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கவில்லை. பெரியப்பா, "மூளை போய்விட்டது, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம்" என்கிறார். கையெழுத்துப் போடச் சித்தியை வற்புறுத்துகிறார்கள்.

கேட்க விரும்புவது இவைதான். பாம்பு கடித்தவருக்கு நுரையீரல் ஏன் கெட வேண்டும்? இன்னும் கொஞ்சம் விஷமுறிவு மருந்து கொடுத்தால் எழுந்துவிடுவாரா? துளை போட்டால் பேச்சு போய்விடுமா?

---

மூச்சுக்குழல் எழுதியது:

நான் மயக்கவியல் மருத்துவர். பல ஆண்டுகளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. முதலில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், மற்றவை பிறகு. தயவுசெய்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். சித்தியிடம் இப்போதே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

கட்டுவிரியன் கடியில் கண்மணி விரிந்து நிற்பதையும் உடம்பு அசையாததையும் வைத்து மூளைச் சாவு என்று முடிவு செய்யவே கூடாது. அந்த நஞ்சு, தசைக்கு நரம்பு வந்து சேரும் முனையைத் தாக்குகிறது. கண்ணைத் திறக்கும் தசை, கண்மணியைச் சுருக்கும் தசை, நாக்கு, விழுங்கும் தசை, கடைசியில் மார்பும் உதரவிதானமும் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். மோட்டார் நன்றாக இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது, இரண்டையும் சேர்க்கும் கம்பிதான் அறுந்திருக்கிறது. மூளை விழித்திருக்கலாம். மயக்க மருந்து கொடுக்கப்படவில்லை என்றால், படுக்கைக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் பேசுவது சித்தப்பா காதில் விழுந்துகொண்டிருக்கவும் கூடும். இதே நிலையில் கிடந்து முழுவதும் குணமாகி நடந்து போனவர்கள் உண்டு. கிடந்த நாட்களில் பக்கத்தில் யார் என்ன பேசினார்கள் என்று பின்னால் திருப்பிச் சொன்னவர்களும் உண்டு.

இரண்டாவது, விஷமுறிவு மருந்து. இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் நஞ்சை அது பிடித்துக்கட்டும். நரம்பு முனையை நஞ்சு ஏற்கெனவே சிதைத்துவிட்டது என்றால், எத்தனை குப்பி ஏற்றினாலும் அந்த முனை உடனே சரியாகாது. அது தானே புதிதாக முளைக்க வேண்டும். அதற்குச் சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேல் ஆகும். அதுவரை உயிரைப் பிடித்து வைப்பது வென்டிலேட்டர்தான்.

நுரையீரல் ஏன் கெட்டது என்று கேட்டீர்கள். பாம்பின் நஞ்சு நேரே நுரையீரலுக்குப் போய்ச் செய்த காரியம் இல்லை இது. விழுங்கும் தசை செயலிழந்ததும் எச்சில் தொண்டையில் தேங்கும். வாந்தியும் எடுத்திருக்கிறார், சோடாவும் குடித்திருக்கிறார். இருமி வெளியே தள்ளப் பலம் இல்லாத நேரத்தில் அவை மூச்சுக்குழாய்க்குள் இறங்கியிருக்கும். அதன் பிறகு குழாய் போட்ட நாட்களில் அதன் ஓரமாகவும் கிருமி இறங்கும். இரண்டும் சேர்ந்து நிமோனியா ஆகிவிடுகிறது. இது சிகிச்சைக்கு அடங்கும் நோய். சளியை எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களா, எந்த ஆன்டிபயாடிக் போகிறது என்று கேட்டு எழுதுங்கள்.

துளை போடுவது பற்றி: கட்டுவிரியன் கடியில் நான் பொதுவாக அவசரப்படுவதில்லை. பலர் அதற்குள் தானே மூச்சுவிடத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் சளி கெட்டியாகிக் குழாய் அடிக்கடி அடைத்துக்கொண்டாலோ, இன்னும் பல நாள் கருவி தேவைப்படும் என்று தெரிந்தாலோ, துளை போடுவது நல்லதுதான். அது தற்காலிகம். எடுத்த பிறகு ஓட்டை தானே மூடிக்கொள்ளும், பேச்சும் திரும்பும்.

---

இரவுப்பணி எழுதியது:

தம்பி, நான் ஐ.சி.யூ. செவிலியர். மருத்துவர் சொன்னதோடு படுக்கை ஓரத்து விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறேன். நீங்கள் உள்ளே போகும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் பயம் பாதி குறையும்.

கட்டிலின் தலைப்பக்கம் 30 பாகையாவது உயர்ந்திருக்க வேண்டும். மட்டமாகப் படுத்திருந்தால் வயிற்றில் இருப்பது மேலேறித் தொண்டைக்கு வந்து, அங்கிருந்து நுரையீரலுக்கு இறங்கும். குழாயின் முனையில் ஒரு சிறு பலூன் இருக்கிறது. அதன் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் எச்சில் கசிந்து உள்ளே போகும், கூடினால் மூச்சுக்குழாய்ச் சுவர் புண்ணாகும். ஒவ்வொரு பணி மாற்றத்தின்போதும் அதை அளந்து பார்ப்போம். வாயைத் துடைத்துச் சுத்தம் செய்வது சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் நிமோனியாவைத் தள்ளிப்போடுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

சளியை உறிஞ்சும்போது குழாயில் வருவதைப் பாருங்கள். முதல் நாட்களில் நுரையோடு வெள்ளையாக வரும். மஞ்சளாகி, பச்சையாகி, நூல் போல இழுத்தால் தொற்று முற்றுகிறது என்று அர்த்தம். மருந்து வேலை செய்யத் தொடங்கினால் நிறம் வெளிறி, அளவும் குறையும். எக்ஸ்ரே தெளிவதற்கு முன்பே இது தெரிந்துவிடும். எனக்கு எக்ஸ்ரேவை விட இதன் மேல்தான் நம்பிக்கை.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. இமை சரிந்திருக்கும், ஆனால் முழுக்க மூடாது. அந்த இடுக்கில் கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும். களிம்பு போட்டு, மேலே மெல்லிய நாடா ஒட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒட்டவில்லை என்றால் பணிவாக நினைவுபடுத்துங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சித்தப்பாவிடம் பேசுங்கள். இன்று என்ன கிழமை, மணி என்ன, எங்கே இருக்கிறார், யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். ஊசி போடுவதற்கு முன்னால், "ஊசி போடப்போகிறார்கள்" என்று சொல்லுங்கள். உடம்பு அசையாவிட்டாலும் வலி தெரியும். மயக்கத்துக்கும் வலிக்கும் மருந்து போகிறதா என்பதையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரியப்பாவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று வீட்டுக்குக் கொண்டுபோகும் பேச்சை எடுக்கவே கூடாது.

---

ஊர்க்குருவி எழுதியது:

மருத்துவர்கள் கோபிக்கக் கூடாது. எங்கள் ஊரில் போன வருடம் ஒருவருக்கு இதே கட்டுவிரியன். மருந்து கொடுத்தார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது. மருந்து பலிக்கவில்லை என்றுதானே நாங்கள் எடுத்துக்கொள்ள முடியும்? நாகப்பாம்பு கடித்த இன்னொருவருக்கு ஏதோ ஊசி போட்டதும் அரை மணி நேரத்தில் இமை திறந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த ஊசியை இவருக்கு ஏன் போடவில்லை? மருந்தை இரட்டிப்பாக ஏற்றினால் என்ன குறைந்துவிடும்?

---

செய்யாற்று வைத்தியர் எழுதியது:

ஊர்க்குருவி ஐயா, கோபம் இல்லை. நியாயமான கேள்விகள்தான்.

நீங்கள் பார்த்த ஊசி நியோஸ்டிக்மைன். கூடவே அட்ரோபினும் கொடுத்திருப்பார்கள். நாக நஞ்சு, நரம்பு அனுப்பும் சேதியைத் தசையின் பக்கத்தில் வாங்க விடாமல் மறிக்கிறது. நியோஸ்டிக்மைன் அந்தச் சேதியின் அளவைக் கூட்டுவதால் மறிப்பைத் தாண்டித் தசை அசைகிறது. கட்டுவிரியன் நஞ்சு அப்படி இல்லை, சேதியை அனுப்பும் முனையையே சிதைக்கிறது. அனுப்ப ஆளே இல்லாத இடத்தில் அந்த ஊசிக்கு வேலை இல்லை. கடித்த பாம்பு எதுவென்று தெரியாதபோது கொடுத்துப் பார்ப்போம், பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவோம்.

மருந்தின் அளவு. நம் நாட்டுக் குப்பி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துச் செய்தது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொடுக்கும் நஞ்சு, இந்த மருந்து தயாரிப்புக்கு முக்கிய ஆதாரம். அந்த நஞ்சைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து மருந்தைப் பிரிக்கிறார்கள். நரம்பைத் தாக்கும் நஞ்சு என்றால் முதலில் 10 குப்பி, தேவைப்பட்டால் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து இன்னும் 10. அதற்கு மேல் ஏற்றினால் குதிரைப் புரதத்தின் ஒவ்வாமை கூடுமே ஒழிய நோயாளிக்கு நன்மை இல்லை.

இப்போது உங்கள் ஊர்க்காரர் விஷயம். அவரை நான் பார்த்ததில்லை, ஆகவே தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கட்டுவிரியன் கடியில் வழியில் சாவு என்றால் பெரும்பாலும் மூச்சு நின்ற சாவுதான். என் மனத்தை அறுக்கும் விஷயம் இதுவே. மருந்து கையில் இருந்தும், குழாய் போடாமலும், பை அழுத்த ஆள் இல்லாமலும் வண்டியில் ஏற்றி அனுப்பினால் மருந்து கொடுத்தும் பயனில்லை.

வட்ட மருத்துவமனை அளவில் நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன், இங்கே படிக்கும் இளம் மருத்துவர்களுக்காக. நோயாளியிடம் ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வேன். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்ப எண்ணச் சொல்வேன். முப்பது வரை எண்ணியவர் இருபதைத் தாண்ட முடியாமல் நின்றால் நான் உட்கார மாட்டேன். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்வேன். தூக்க முடியவில்லை என்றாலோ, தோளைப் பிடித்து எழுப்பும்போது தலை பின்னால் தொங்கினாலோ, மூச்சுக்கும் அதே கதி வெகுதூரத்தில் இல்லை. வாயில் எச்சில் தேங்கி, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருந்தால் குழாய் போடும் நேரம் வந்துவிட்டது.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி 98 காட்டுகிறது என்று நிம்மதி அடையாதீர்கள். முகத்தில் ஆக்சிஜன் வைத்திருக்கும்போது, தசை களைத்துக் கரியமிலவாயு உடம்பில் ஏறிக்கொண்டே இருந்தாலும் அந்த எண் நன்றாகவே நிற்கும். அது விழும்போது நமக்கு மிச்சம் இருப்பது சில நிமிடங்கள்தான். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, குழாய் இல்லாமல் அனுப்பப்பட்டவர்களை நான் பெற்றுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. கயிறு இறுக்கிக் கட்டியபடி வருபவர்களின் கட்டை வாசலிலேயே வெட்டிவிடக் கூடாது. அடக்கி வைத்த நஞ்சு ஒரே வேகத்தில் ஏறி மூச்சை நிறுத்திவிடலாம். ஊசிவழி போட்டு, மருந்தையும் மூச்சு கொடுக்கும் பையையும் குழாயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மெதுவாகத் தளர்த்த வேண்டும்.

பை அழுத்துவதைக் குறைவாக நினைக்காதீர்கள். 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவி, மூச்சுத் தசை செயலிழந்தவர்களால் மருத்துவமனை நிரம்பியபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்துக் கையால் பை அழுத்தச் சொன்னார். மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவு பகலாக, வாரக்கணக்கில் அழுத்தினார்கள். சாவு விகிதம் வெகுவாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் அங்கேதான். வெள்ளாற்றங்கரை தம்பி, உங்கள் சித்தப்பாவுக்கு அந்த 108 ஊழியர் செய்ததும் அதே காரியம். முடிந்தால் அவரைக் கண்டுபிடித்து நன்றி சொல்லுங்கள்.

---

நெடுங்கேணி எழுதியது:

இலங்கையின் வன்னிப் பகுதி வைத்தியசாலையில் பணிபுரிகிறேன். எங்களிடமும் இதே கதைதான். வயல் காவலுக்குக் குடிலில் நிலத்தில் படுப்பவர்களைக் கட்டுவிரியன் கடிக்கிறது, அறுவடைக் காலத்தில் கண்ணாடி விரியன். நஞ்செதிர்ப்பு மருந்தும் இந்தியாவிலிருந்து வருவதுதான்.

மூச்சுக்கு வரும் ஆபத்தில் ஒன்று மருந்திலிருந்தே வருகிறது. அதை இங்கே யாரும் விரிவாகச் சொல்லவில்லை. மருந்து ஏறத் தொடங்கிய முதல் மணி நேரத்தில் உடம்பு முழுவதும் தடிப்பு, நடுக்கம், இரத்த அழுத்தம் வீழ்ச்சி, மூச்சுக் குழல்கள் சுருங்கி இழுப்பு. பக்கத்தில் நின்று பார்க்காவிட்டால் பாம்பு செய்யாததை மருந்து செய்துவிடும். அதற்கு மருந்து அட்ரினலின், தொடைத் தசையில் 0.5 மில்லி கிராம், தாமதம் இல்லாமல். மருந்தேற்றத்தைச் சற்று நேரம் நிறுத்திவிட்டு, நிலைமை சீரானதும் மெதுவாகத் தொடர வேண்டும். பயந்து கைவிட்டுவிடக் கூடாது.

இலங்கையில் மூன்று வைத்தியசாலைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. மருந்துக்கு முன்னதாகத் தோலடியில் 0.25 மில்லி கிராம் அட்ரினலின் கொடுத்தவர்களுக்கு முதல் மணி நேரத்தில் கடும் ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. ஒவ்வாமையைத் தடுக்க வழக்கமாகப் போடும் ஹைட்ரோகார்டிசோனும் புரோமெதசீனும் அந்தப் பலனைத் தரவில்லை. இருந்தும் இன்றும் பல இடங்களில் அந்த இரண்டையும் போட்டுவிட்டு அட்ரினலினைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். முதியவர், இருதய நோயாளி, மூளையில் இரத்தக்கசிவுக்கு இடமுள்ளவர் என்றால் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு நான் தயங்குவதில்லை.

---

கரிசல்காடு எழுதியது:

நான் மருத்துவர் இல்லை, விவசாயி. பருத்திக் காட்டில் கண்ணாடி விரியனிடம் கடிபட்டுப் பிழைத்தவன். இங்கே கட்டுவிரியன் பேச்சே நடக்கிறது. விரியன் கடியிலும் நுரையீரல் மாட்டிக்கொள்ளும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கால் வீங்கியது, ஈறில் இரத்தம் வந்தது. கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்த்தார்கள், உறையவில்லை. மருந்து கொடுத்தார்கள், இரத்தம் உறையத் தொடங்கியது. வீட்டில் எல்லாரும் கண்டம் தாண்டியது என்று நினைத்தார்கள். ஆனால் சிறுநீர் நின்றுவிட்டது. சலைன் ஏறிக்கொண்டிருந்தது, போகும் வழி இல்லை. இரவில் படுக்கவே முடியவில்லை. மல்லாந்தால் தண்ணீருக்குள் அமுக்கியதுபோல் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலாம். இருமினால் இளஞ்சிவப்பு நுரை. டயாலிசிஸ் தொடங்கித் தண்ணீரை எடுத்த பிறகுதான் படுத்துத் தூங்கினேன்.

என் பக்கத்துக் கட்டிலில் இருந்த இளைஞனுக்கு என்னைப் போல் இல்லை. கன்னத்தின் அடி இரண்டு பக்கமும் வீங்கி, கண் வெள்ளை பொம்மிப் போயிருந்தது. அவனுக்கு இரத்தக்குழாய் கசிகிறது என்று சொன்னார்கள். அவன் பிழைக்கவில்லை. அது என்ன என்று இன்று வரை எனக்கு யாரும் விளக்கவில்லை. யாராவது சொல்வீர்களா?

---

மூச்சுக்குழல் எழுதியது:

கரிசல்காடு ஐயா, நீங்கள் பார்த்ததை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். பாடநூலில் இருக்கும் விவரிப்பும் இதேதான்.

கண்ணாடி விரியன் கடியில் நுரையீரலில் நீர் சேர்வது ஒரே காரணத்தால் அல்ல. உங்களுக்கு நடந்தது சிறுநீரகம் நின்றதால் வந்த நீர்த் தேக்கம். டயாலிசிஸ் செய்து நீரை எடுத்தால் நுரையீரல் காய்ந்துவிடும். அந்த இளைஞனுக்கு நடந்தது வேறு. இரத்தத்தின் மெல்லிய குழாய்ச் சுவர்கள் நஞ்சால் தளர்ந்து, இரத்தத்தில் இருக்க வேண்டிய நீரும் புரதமும் திசுக்களுக்குள் கசிகின்றன. கண் வெள்ளையில், கன்னத்துச் சுரப்பியில், வயிற்றில், நெஞ்சுக்கூட்டில், கடைசியில் நுரையீரலில். கேரளத்திலும் தமிழகத்திலும் கண்ணாடி விரியன் கடியில் இதைப் பார்க்கிறோம். உடம்பு ஊதியிருக்கும், ஆனால் குழாய்களுக்குள் இரத்தம் கெட்டிப்பட்டு அழுத்தம் விழுந்திருக்கும். தனி மருந்து கிடையாது. விஷமுறிவு மருந்தைத் தாமதிக்காமல் கொடுத்திருந்தாலும் சிலருக்கு இது வந்துவிடுகிறது. மருத்துவருக்கு மிகக் கடினமான நிலை இது. சலைனை ஊற்றினால் அது நுரையீரலுக்குக் கசியும், ஊற்றாவிட்டால் அழுத்தம் நிற்காது. வீங்கியிருக்கிறது என்று சிறுநீர் பிரியும் ஊசியைப் போட்டால் இருக்கும் அழுத்தமும் போய்விடும். அளவாக நீர், அழுத்தத்தை ஏற்றும் நோர்அட்ரினலின், மணிக்கொரு முறை பக்கத்தில் நின்று திருத்தம். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளையை இழந்ததில் அங்கே இருந்தவர்கள் முயற்சி குறைவாக இருந்திருக்கும் என்று எண்ண வேண்டாம்.

மூன்றாவதாக, இரத்தம் உறையாத நிலையில் நுரையீரலுக்குள்ளேயே கசிவு ஏற்படலாம். அதனால் கண்ணாடி விரியன் கடியில் கழுத்து இரத்தக்குழாயில் ஊசிவழி போடுவதற்கும் தொண்டையில் துளை போடுவதற்கும் முன்னால் உறைதலைச் சரிபார்க்காமல் கை வைக்கக் கூடாது.

காரணம் எதுவானாலும், வாந்தி இறங்கியதோ, நிமோனியாவோ, குழாய்க் கசிவோ, நுரையீரல் இரண்டும் எக்ஸ்ரேயில் வெள்ளையடித்து ஆக்சிஜனை வாங்க மறுக்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. ஏ.ஆர்.டி.எஸ். என்போம். அங்கே வென்டிலேட்டரை எப்படி வைக்கிறோம் என்பதிலேயே உயிர் இருக்கிறது. முன்பெல்லாம் பெரிய மூச்சாகக் கொடுத்தோம். நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் கொஞ்ச நுரையீரலும் அதில் கிழிந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு, ஒரு கிலோவுக்கு 12 மில்லி லிட்டருக்குப் பதில் 6 மில்லி லிட்டர் கொடுத்தபோது சாவு 39.8 சதவீதத்திலிருந்து 31 ஆகக் குறைந்ததைக் காட்டியது. கிலோ என்பது நோயாளியின் எடை அல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆண் என்றால் கணக்கு எடை ஏறக்குறைய 61.5 கிலோ, ஒரு மூச்சுக்கு 370 மில்லி லிட்டரை ஒட்டி. தொப்பை பெரிதாக இருக்கிறது என்று 500 வைத்தால் நாமே நுரையீரலைக் கெடுக்கிறோம். அதனால் அளக்கும் நாடாவை எடுத்து உயரத்தை அளந்து கட்டில் தலைமாட்டில் எழுதி ஒட்டுங்கள் என்று என் மாணவர்களிடம் தினமும் சொல்கிறேன்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் குப்புறப் படுக்க வைப்போம், நாளொன்றுக்குக் குறைந்தது 16 மணி நேரம். கடுமையான நிலையில் இருந்தவர்களிடம் செய்து 2013இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில், 28ஆம் நாளில் சாவு 32.8 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. விலை உயர்ந்த கருவி வேண்டாம். நான்கைந்து பேர் கை சேர்த்துத் திருப்ப வேண்டும், குழாய் பிடுங்காமல் ஒருவர் தலையைப் பிடித்திருக்க வேண்டும். கொரோனா காலத்தில் நம் ஊர்களிலும் எல்லாரும் இதைக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பழக்கத்தைப் பாம்புக்கடி நோயாளிக்கும் பயன்படுத்தலாம்.

---

வெள்ளாற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இங்கே எழுதியதைச் சித்தியிடம் படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பெரியப்பாவும் மருத்துவரிடம் நேரில் பேசிய பிறகு அமைதியாகிவிட்டார்.

சளி கெட்டியாகிக் குழாய் அடைத்ததால் துளை போட்டுவிட்டார்கள். கல்ச்சர் முடிவு வந்து மருந்தை மாற்றினார்கள், காய்ச்சல் இறங்கிவிட்டது. நேற்று மாலை தங்கை, "அப்பா, நான் வந்திருக்கிறேன்" என்று சொன்னபோது புருவம் அசைந்ததாகச் சொன்னாள். நாங்கள் ஆசையால் தோன்றியது என்று நினைத்தோம். இன்று காலை செவிலியர் சொன்னபோது வலது கைக் கட்டைவிரலை அவரே அசைத்தார். இனிமேல் என்ன?

---

இரவுப்பணி எழுதியது:

தம்பி, படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது.

இனிமேல் பொறுமை. விரல் அசைந்தவுடன் கருவியைக் கழற்றிவிட முடியாது. கை கால் வந்த பிறகும் விழுங்குவதும் இருமுவதும் பின்தங்கலாம். கருவியின் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பிறகு ஆக்சிஜன் மட்டும் கொடுத்து அரை மணி, இரண்டு மணி என்று தானாக மூச்சுவிடப் பார்ப்பார்கள். இரவில் மறுபடியும் கருவியில் மாட்டினால் பின்னடைவு என்று கலங்க வேண்டாம், தசைக்கு ஓய்வு கொடுக்கிறார்கள்.

ஆசையாக ஒரு வாய் காபி கொடுத்துவிடாதீர்கள். விழுங்கிப் பார்க்கும் சோதனை முடிந்து மருத்துவர் சொல்லும்வரை மூக்குக் குழாய் வழியாகத்தான் எல்லாம். நிமோனியா இறங்கிய நுரையீரலில் ஒரு மடக்கு காபி மறுபடியும் உள்ளே போனால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். பார்க்க வரும் உறவினர்கள்தான் இதில் ஆபத்து, கண்ணுக்குத் தெரியாமல் இளநீர் ஊட்டிவிடுவார்கள்.

பிசியோதெரபி செய்பவர் வந்து முதுகில் தட்டிச் சளியைக் கிளப்புவார். நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். துளை மூடிய பிறகு மூன்று பந்து மூச்சுக் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மருந்துக் கடையிலேயே கிடைக்கும். ஊதுவதற்கு அல்ல, மெதுவாக உள்ளே இழுப்பதற்கு.

வீட்டுக்குப் போன பிறகு ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், மூட்டு வலி, தடிப்பு வந்தால் விஷம் மிச்சம் இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். அது குதிரைப் புரதத்துக்கு உடம்பு காட்டும் பிந்திய எதிர்வினை. மருத்துவமனைக்குப் போனால் மாத்திரையில் அடங்கிவிடும். பத்தியம் என்று உப்பில்லாக் கஞ்சியில் ஆளை வாட்டாதீர்கள். முட்டை, பருப்பு, மீன் எல்லாம் வேண்டும், மெலிந்த மூச்சுத் தசை அதில்தான் தேறும்.

---

ஊர்க்குருவி எழுதியது:

நிறையத் தெரிந்துகொண்டேன். ஆனால் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. இவருக்கு வண்டியில் பை அழுத்த ஆள் இருந்தது, வென்டிலேட்டர் காலியாக இருந்தது. எங்கள் வட்டத்தில் இரண்டும் இருக்குமா என்று நான் யாரிடம் கேட்பது?

---

செய்யாற்று வைத்தியர் எழுதியது:

உங்கள் வட்ட மருத்துவமனைத் தலைமை மருத்துவரிடமே கேட்கலாம், ஐயா. கிராமசபையிலும் கேட்கலாம். "விஷமுறிவு மருந்து இருப்பு உண்டா" என்று மட்டும் கேட்டால் உண்டு என்று பதில் வரும். "மூச்சு நின்றால் இரவு இரண்டு மணிக்குக் குழாய் போட யார் இருக்கிறார்கள், குழாய் போட்டவரை எந்த ஊருக்கு, எந்த வண்டியில் அனுப்புவீர்கள்" என்று கேளுங்கள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்திருக்கிறார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 2030க்குள் இதைப் பாதியாக்க மத்திய அரசு 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டம் அறிவித்தது. தமிழக அரசும் அதே ஆண்டு நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. எந்த ஊரில் எத்தனை பேர், எங்கே இறந்தார்கள் என்ற கணக்கு இனி வர வேண்டும். அந்தக் கணக்கில் வழியில் மூச்சு நின்றவர்களைத் தனியாக எழுதினால், எந்தச் சாலையில் எந்த வண்டிக்கு ஆள் வேண்டும் என்பது தெரிந்துவிடும். என் மருத்துவமனையில் அப்படித்தான் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

---

வெள்ளாற்றங்கரை எழுதியது:

கருவியைக் கழற்றிவிட்டார்கள். தானாக மூச்சுவிடுகிறார். துளைக் குழாயை எடுத்து மேலே பஞ்சு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அதை விரலால் அழுத்திக்கொண்டு மெதுவாகப் பேசுகிறார். விரைவில் வீட்டுக்கு அனுப்புவார்கள் போலிருக்கிறது. பாட்டி தலைக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்ட வேண்டும் என்கிறார். செய்யலாமா அக்கா?

---

இரவுப்பணி எழுதியது:

துளை முழுவதும் மூடும்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் தம்பி. அந்த வழியாகத் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். கழுத்துக்குக் கீழே வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள், தலையை ஈரத் துணியால் ஒத்தி எடுத்தால் போதும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் மூடிவிடும். மூடவில்லை என்றாலோ, பேசும்போது காற்றுக் கசிந்தாலோ, மாடி ஏறும்போது மூச்சில் விசில் போலச் சத்தம் கேட்டாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பாட்டியிடம் எண்ணெயை உள்ளங்காலில் தேய்க்கச் சொல்லுங்கள்.